பச்சைத் துணி விரித்த மேசை

பகல் மூன்று மணி. மதுரை பைபாஸ் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவில், பேக்கரிக்கு மேல் மாடி. படிக்கட்டு முழுக்கத் தேங்காய் பன் வாசம். கதவைத் தள்ளினால் இரண்டு ஸ்னூக்கர் மேசைகள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் தாழத் தொங்கும் விளக்குகள். ஆட்டம் நடக்கும் இடத்தில் மட்டும்தான் வெளிச்சம். சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் பாதிதான் தெரிகிறது. நான் உட்கார்ந்திருப்பதும் அந்தப் பாதி இருட்டில்தான். இங்கே பார்ப்பவனுக்குப் பேச அனுமதி கிடையாது. அது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை, ஆனாலும் எல்லோரும் மதிக்கிறார்கள்.

மேசை 12 அடிக்கு 6 அடி. பச்சைத் துணிக்கு அடியில் ஐந்து கற்பலகைகள். மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டும். மாடிக்கு எப்படி ஏற்றினார்கள் என்று யாராவது கேட்டால் கடைக்காரர் சுருக்கமாகச் சொல்கிறார்: "கல்லு கல்லா தூக்குனோம் சார்."

காலையில் கடை திறந்ததும் முதல் வேலை துணியைத் தேய்ப்பது. செய்பவர் ஐம்பதைக் கடந்தவர். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை, எல்லோருக்கும் அவர் 'மார்க்கர் அண்ணே'. பிரஷ்ஷால் ஒரே திசையில், கோடு போட்ட முனையிலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் முனை நோக்கித் தள்ளுவார். பிறகு அதே திசையில் இஸ்திரி. எதிர்த் திசையில் ஒரு தடவை தேய்த்தாலும் மெதுவாக உருளும் பந்து வழி மாறும் என்பார். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்த பிறகும் அவர் கண் ஆட்டக்காரர் மேல் இருக்காது. துணி மேல்தான்.

ஆடுபவர்களைப் பார்க்கிறேன். இரண்டு கல்லூரிப் பையன்கள். மோட்டார் சைக்கிள் பட்டறையிலிருந்து வந்து, வாசல் குழாயில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குச்சியைத் தொடும் ஒரு தம்பி. தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். நாற்காலி முதுகில் கறுப்புக் கோட்டை மடித்துப் போட்டுவிட்டு ஆடும் ஓர் இளம் வக்கீல். அவருக்கு ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளையில் அன்று வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

நகைப் பட்டறைக்காரரின் ஆட்டத்தை நாள் முழுக்கப் பார்க்கலாம். மேசையைச் சுற்றி ஒரு நடை. குனிகிறார். எழுந்து விடுகிறார். இன்னொரு பக்கம் போய் சிவப்புப் பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள கோணத்தைக் கண்ணால் அளக்கிறார். நெருப்புப் பட்டுத் தழும்பேறிய விரல்கள் துணி மேல் விரிந்து குச்சிக்குத் தாங்கலாகின்றன. அடி மெல்லியது, சத்தமே இல்லை. சிவப்பு உள்ளே போகிறது, வெள்ளை உருண்டு போய் நீலத்துக்குச் சரியான இடத்தில் நிற்கிறது. சிவப்பை விழத் தட்டுவது பாதிதான். வெள்ளையை அங்கே கொண்டு நிறுத்தியது மீதிப் பாதி, பெரிய பாதி. பட்டறை தம்பி குச்சியின் அடிமுனையால் தரையை ஒரு தட்டுத் தட்டுகிறான். இங்கே கைதட்டல் அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் படியில் பூட்ஸ் சத்தம்.

"என்னண்ணே, நடக்குதா?"

"வாங்க ஏட்டய்யா. டீ சொல்லவா?"

"வேணாம், இப்பத்தான் குடிச்சேன். சின்னப் பயலுக யாரும் இல்லையே?"

"எல்லாம் காலேஜ் பசங்கய்யா. ஐடி பாத்துட்டுத்தான் விடுறேன்."

"காசு கீசு வச்சு ஆடலையே?"

"மேசைக் காசு மட்டும்தான்யா."

ஏட்டு நல்ல மனிதர். குரலில் அதட்டல் இல்லை. சுவரில் மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டிய உரிமத்தைப் படிக்கிறார், கீழே உள்ள பலகையையும் படிக்கிறார்: 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை, புகை பிடிக்கக் கூடாது, பந்தயம் கட்டக் கூடாது. இரண்டு நிமிடத்தில் இறங்கிப் போய்விட்டார். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் கல்லூரிப் பையன்கள் குச்சியைச் சுவரில் சாத்திவிட்டு, தப்பு ஏதும் செய்யாமலே தப்புச் செய்தவர்கள் மாதிரி நின்றார்கள். அவர் போன பிறகு ஒருவன் அடித்த முதல் பந்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழ வேண்டிய நேர்ப் பந்து, குழி வாயில் இடித்துத் திரும்பி வந்தது.

அந்த நிற்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் மனதை அறுக்கிறது. ஏட்டிடமிருந்து வரவில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் பழைய தாள்களிலிருந்து வருகிறது.

சென்னை மாகாணத்தில் 1888-ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று சென்னை நகரக் காவல் சட்டம், இன்னொன்று பொதுமக்கள் கூடும் இடங்களுக்கான சட்டம். நகருக்கு வெளியே சூதாட்டத்தைத் தடுக்க 1930-இல் சென்னைச் சூதாட்டச் சட்டம் வந்தது. நகரக் காவல் சட்டத்தை 1987-இல் ஒரு நீட்டிப்புச் சட்டம் மதுரைக்கும் கோவைக்கும் கொண்டுவந்தது. நூறு வயதை நெருங்கிய சட்டம் மதுரைக்குள் புதிதாகக் குடி வந்தது அப்படித்தான். இன்று மதுரை ஊருக்குள் மேசை போட்டாலும் சரி, திருமங்கலத்திலோ மேலூரிலோ போட்டாலும் சரி, தலைக்கு மேல் நிற்கும் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பொதுமக்கள் கூடும் இடங்களுக்கான சட்டத்தில் ஓர் அளவு இருக்கிறது. 500 சதுர அடியும் அதற்கு மேலும் பரப்புள்ள அடைத்த இடத்தையோ கட்டடத்தையோ பொதுப் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்த உரிமம் வேண்டும். நாடகக் கொட்டகையும் எண்ணெய் விளக்கும் நெரிசலுமாக இருந்த காலத்தில் அந்த அளவுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். ஸ்னூக்கருக்கு வைத்துப் பாருங்கள். ஒரு முழு மேசையைச் சுற்றிக் குச்சியை இழுத்து அடிக்கக் குறைந்தது 22 அடிக்கு 16 அடி அறை தேவை. 352 சதுர அடி. ஒற்றை மேசை போட்டால் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் இரண்டாவது மேசை வந்தால் தாண்டிவிடும். ஆட்டம் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள். ஒரு மேசைக்கும் இரண்டு மேசைக்கும் நடுவே 1888-ஆம் ஆண்டு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது.

இதைவிட அழுத்தமானது 1930-ஆம் ஆண்டுச் சட்டம். சூதாட்ட விடுதிக்கு அது தரும் விளக்கத்தில் வீடு, அறை, கூடாரம், வண்டி, படகு எல்லாம் வருகின்றன. சீட்டு, பகடை, மேசை போன்ற சூதாட்டக் கருவிகளை வைத்து, அவற்றுக்கோ இடத்துக்கோ கட்டணம் வாங்கி ஆதாயம் பார்க்கும் இடம் எதுவானாலும் போதும். மணிக் கணக்கில் மேசை வாடகை வாங்கும் கடையின் முழு வியாபாரமும் அந்த வரியின் விளிம்பில்தான் நிற்கிறது. 6-ஆம் பிரிவு ஒரு படி மேலே போகும். வாரன்ட்டோடு வந்து சோதிக்கும்போது சீட்டோ பகடையோ ஆட்ட மேசையோ துணியோ பலகையோ அகப்பட்டால், சூதாட்டத்தை யாரும் கண்ணால் பார்க்காவிட்டாலும், அந்த இடம் சூதாட்ட விடுதி என்பதற்கும் அங்கிருந்தவர்கள் அதற்காகவே வந்தார்கள் என்பதற்கும் அந்தப் பொருளே சான்று. 'துணி' என்ற சொல் அந்தப் பட்டியலில் இருப்பதைப் படித்தபோது, மார்க்கர் அண்ணன் ஒரே திசையில் தேய்த்துத் தேய்த்து வளர்க்கும் அந்தப் பச்சை என் கண்ணில் வந்து நின்றது.

இந்தக் கடையைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு விலக்கு. 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும், நகரக் காவல் சட்டத்தின் 49-ஆம் பிரிவும், திறமை மட்டுமே கொண்டு ஆடும் ஆட்டம் எங்கே ஆடப்பட்டாலும் மேற்படி பிரிவுகள் அதைத் தொடாது என்கின்றன. ஒற்றை வாக்கியம். நகைப் பட்டறைக்காரரின் விரல்களுக்கும் பட்டறை தம்பியின் சோப்புக் கைகளுக்கும் இந்தச் சட்டங்களில் கிடைத்திருக்கும் இடம் அவ்வளவே, அதுவும் விதிவிலக்காக.

எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. இந்த ஆட்டம் வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்க முடியாது. 1875-இல் ஜபல்பூர் ராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் நிறப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்ததில் ஸ்னூக்கர் தொடங்கியது. அதன் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். அதே மாகாணம். ஆறு வருடம் கழித்து அதே மாகாணத்தில்தான் நகரக் காவல் சட்டம். துரைமார் ஆடிய மேசைக்குக் காவலர் வந்து நின்று பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை. பொதுஜனம் காசு கொடுத்து ஆடும் மேசையைத்தான் ஆட்சியாளர்கள் எங்கும் சந்தேகத்தோடு பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் 1845-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பொது பில்லியர்ட்ஸ் மேசைக்கு உரிமம் கேட்டது. பில்லியர்ட்ஸுக்கு உரிமம் பெற்ற இடம் என்று வாசலில் எழுதி வைக்கச் சொன்னது. இரவு 1 மணியிலிருந்து காலை 8 மணி வரையும், ஞாயிறு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி நாட்களிலும் ஆடக் கூடாது என்றது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சௌத் பாசடீனா என்ற சிற்றூர் பில்லியர்ட்ஸ் கூடங்களை அடியோடு தடை செய்தது. அங்கே பில்லியர்ட்ஸ் கூடம் நடத்திய மர்ஃபி என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1912-இல் தோற்றார். தன் இடத்தில் சூதாட்டம் நடக்கவில்லை என்ற அவரது வாதம் எடுபடவில்லை. அத்தகைய கூடங்கள் கெட்டுப்போக வழி செய்யும் என்று ஊர் நினைத்தால் மூடலாம் என்றாகிவிட்டது. அந்த ஊர் விதியில் ஒரு சலுகையும் இருந்தது: 25 அறைகளாவது உள்ள பெரிய ஹோட்டல், தங்க வரும் விருந்தினருக்காக மேசை வைத்துக்கொள்ளலாம். ஊட்டி கிளப்புக்கும் பேக்கரி மாடிக்கும் நடுவே உள்ள தூரமும் அந்த 25 அறைகளில்தான் இருக்கிறது.

மதுரையிலிருந்து எந்தச் சாலையில் வெளியேறினாலும் அரை மணியில் வயல். அங்கேயும் ஆட்டம் உண்டு. வேப்ப மரத்தடிக் கல்லில் கீறிய தாயக் கட்டம், ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை, ஆடு புலி. சாவு வீட்டில் இரவு கண் விழிக்கச் சீட்டு. வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம். பெரியவர் ஒருவர் மூன்று புலிகளை வைத்துக்கொண்டு பேரனின் ஆடுகளை மடக்கப் பார்க்கிறார். பேரன் நகர்த்துகிற ஒவ்வொரு கல்லுக்கும் தாத்தாவின் புருவம் ஏறுகிறது. போன கிழமை இதே மரத்தடியில் நோட்டுகளை முழங்காலுக்கு அடியில் வைத்துச் சீட்டாடியவர்களைப் பிடித்துப் போயிருக்கலாம். மறுநாள் பேப்பரில் வழக்கமான வரி வரும்: பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது, 52 சீட்டுகள் பறிமுதல். அந்தக் கைதில் எனக்குக் குறை இல்லை. கூலிப் பணம் வீடு போய்ச் சேராமல் மரத்தடியிலேயே கரைவதைப் பார்த்தவர்கள் யாருக்கும் இருக்காது.

கீழடி இங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் 601 வட்டச் சில்லுகளும் 80 ஆட்டக் காய்களும் கணக்கில் வந்தன. பின்னால் தந்தத்தில் செய்த பகடை ஒன்றும் கிடைத்தது. வைகைக் கரை மனிதர்கள் வேலை முடிந்து உட்கார்ந்து ஆடியிருக்கிறார்கள். பணயம் வைத்தார்களா என்று பகடை சொல்லாது. சூதின் கேட்டை வள்ளுவர் ஒரு முழு அதிகாரமாக, 94-ஆம் அதிகாரமாக, எழுதியிருப்பதால் இந்த மண்ணுக்கு இரண்டும் தெரியும்: ஆட்டம் வேறு, சூது வேறு.

நீதிமன்றங்கள் அந்த வேற்றுமையைப் பிரித்துக் காட்டப் பல காலம் பாடுபட்டிருக்கின்றன. ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில் 1996-இல் நம் 1888, 1930-ஆம் ஆண்டுச் சட்டங்களையே எடுத்துவைத்துக்கொண்டு, திறமை மேலோங்கினால் அது சூதாட்டம் ஆகாது என்றது. பிறகு ஆட்டம் கைபேசிக்குள் போய்விட்டது. இணைய ரம்மியில் பணம் இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் வரத் தொடங்கியபோது, 2020-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அவற்றை ஒழுங்குபடுத்தும்படி அரசிடம் சொன்னது. அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. இந்தக் கடையைப் பொறுத்தவரை அந்தத் திருத்தத்தில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று இருந்தது. திறமை ஆட்டமே ஆனாலும் பணமோ வேறு பணயமோ வைத்து ஆடினால் விலக்குக் கிடையாது என்றது அது.

இங்கேதான் இந்த மாடியின் பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மார்க்கர் அண்ணன் நேரம் பார்த்துக் கணக்குச் சொல்வார். தோற்றவர் மேசைக் காசைக் கொடுப்பார்.

"மாப்ள, எடு காச."

"நேத்தும் நான்தான்டா குடுத்தேன்."

"நேத்தும் நீதான தோத்த?"

ஊர் ஊராக, மேசை இருக்கும் இடமெல்லாம் இதுதான் நடைமுறை. ஜெயித்தவன் கையில் ஒரு பைசா ஏறுவதில்லை, வாடகை கடைக்குத்தான் போகிறது. இதைப் பணயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் திருத்தம் நிலைத்திருந்தால், கண்டிப்பான ஒரு வாசிப்பில், தோற்றவன் கொடுக்கும் அந்த மேசைக் காசே கேள்விக்குள் வந்திருக்கும். வக்கீல் தம்பி ஒருநாள் இதைச் சொல்லப் போக, ஆட்டமே நின்றுபோனது. "அப்ப ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கலாமா அண்ணே?" என்று பையன் நிஜமான கவலையோடு கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

கைபேசிக்குள் போன ஆபத்துக்குப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. இணைய விளையாட்டுகளை ஆராய அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதம் பார்க்காமல் தடை செய்தது. இருக்கட்டும். மரத்தாலும் கல்லாலும் ஆன மேசை மட்டும் இன்னும் 1888-ஆம் ஆண்டின் சந்தேகத்துக்குள்ளேயே கிடக்கிறது. உரிமம் கேட்கட்டும், வயதைக் கேட்கட்டும், அவசர வழி இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா, இரவு எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்றெல்லாம் கேட்கட்டும். இத்தனையும் கேட்கிற சட்டம் முதல் வரியிலேயே இது விளையாட்டுக் கூடம் என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். 1958-இல் கல்கத்தாவில் அமெச்சூர் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்தை வென்ற வில்சன் ஜோன்ஸ்தான் எந்த விளையாட்டிலும் தனிநபர் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர். அந்த நாட்டில் இந்த ஆட்டம் ஒரு விலக்குப் பிரிவின் நிழலில் பிழைத்துக் கிடப்பது முறையில்லை.

2025 நவம்பரில் தமிழ்நாட்டுப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வென்றார். அந்தச் செய்திக்குப் பிறகு இந்த மாடிப் படியில் ஒரு புது வகைக் கால்கள் ஏறத் தொடங்கின. திருநகர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா, கூடவே கல்லூரி முதல் வருடம் படிக்கும் மகள். மகள் நேரே மேசையிடம் போய்த் துணியை விரல் நுனியால் தொட்டுப் பார்க்கிறாள். அப்பா வாசலைத் தாண்டாமல் நிற்கிறார். பலகையைப் படிக்கிறார். 'பந்தயம்' என்ற சொல்லில் அவர் கண் நின்றுவிடுகிறது.

"இங்க போலீஸ் எல்லாம் வருமா சார்?"

கடைக்காரர் மறைக்கவில்லை. "வருவாங்க சார். லைசென்ஸ் பாப்பாங்க, போயிருவாங்க."

"பொம்பளப் பிள்ளைய விட்டுட்டுப் போற எடத்துல போலீஸ் வந்து போச்சுன்னா அக்கம்பக்கத்துல என்ன பேசுவாக?"

கடைக்காரரிடம் அதற்குப் பதில் இல்லை. சட்டத்தின் எந்தப் பிரிவும் அந்தப் பெண்ணைத் தடுக்கவில்லை, ஆனால் அவள் அப்பாவைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

மார்க்கர் அண்ணன்தான் குச்சி வரிசையில் இருந்து எடை குறைந்த ஒன்றை எடுத்து, நுனியில் சாக் தடவி, அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"காலைல பத்துலேருந்து பன்னெண்டு கூட்டம் இருக்காது பாப்பா. அப்பாவும் வந்து ஒக்காரட்டும். மொத ஒரு மாசம் வெள்ளப் பந்த நேரா அனுப்பப் பழகு, மத்ததப் பொறவு பாப்போம்."

அப்பா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.